பென்சில் தடம்

மதிய வெயில் சாப்பாட்டு மேசையில் பரப்பிய பாடநூல்களின் மேல் விழுகிறது. மார்லா ஒவ்வொரு பக்கமாக ரப்பரால் தேய்க்கிறாள். கணவனுக்கு வேலை போனதால் அவள் கிடங்கு வேலைக்குப் போகிறாள். இதுவரை வீட்டிலேயே அவளிடம் படித்த மகள் டெஸ்ஸா இனி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு. வீட்டில் படிப்பிக்கும் தாய்மார்கள் எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுத வைப்பார்கள், பின்னால் விற்க வேண்டுமே. "சர்ச் ஹால்ல பழைய பாடப்புத்தகம் விக்கிறாங்களே, அங்க ஒரு மேசை போடேன்டி," என்கிறாள் அக்கா ஜோலின். மார்லா தலையாட்டி மறுக்கிறாள். "அங்க எல்லாருமே விக்கத்தான் வர்றாங்க. வாங்க வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் வீட்டுல சொல்லிக்குடுக்கறதை ஏன் நிறுத்திட்டேன்னு துருவுவாங்க." "ஆன்லைன்ல?" "தபால் செலவு புத்தக விலையை முழுங்கிடும்." "பழைய புத்தகக் கடை?" "புதுப் பதிப்பு வந்துருச்சாம். அவன் பாத்த பார்வையில நானும் பழைய பதிப்புதான்க்கா." ஜோலின் சிரிக்கிறாள், மார்லா சிரிக்கவில்லை. மார்லா தேய்த்து முடித்த கணக்குப் புத்தகத்தை ஜோலின் எடுத்து, ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்க்கிறாள். ரப்பர் துகள்கள் மடியில் உதிர்கின்றன. "பொண்ணு ரொம்ப அழுத்தி எழுதியிருக்காடி. அழிச்சும் தெரியுது." தப்பான கணக்கின் ஓரத்தில், வெறும் பள்ளமாக ஒரு வரி: 'அம்மா, கோபமா?' மார்லா புத்தகத்தை வாங்கிக்கொள்கிறாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்த இடத்தையே மறுபடி தேய்க்கிறாள், தாள் கிழிகிற வரைக்கும்.