புலியும் புலிவேஷமும்

காரில் ஏறுமுன் கழுத்துப்பட்டையை எடுத்து மாட்டிக்கொள்வது மூன்று மாதங்களாக யதுநந்தனின் மாறாத வழக்கம். எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஐம்பத்து நான்கு வயதுக் கழுத்து அத்தனை வேகத்தைத் தாங்காது என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

அந்த வேகம் மைசூரு அக்ரஹாரத்துத் தெருக்களில் மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம். புலியை எழுப்பாமல் ஓட்டுவதில்தான் திறமை என்பது அவர் கொள்கை.

எல்லாம் ஷோரூமில் தொடங்கியது. அங்கே ஒரே நிறத்தில், ஒரே தோற்றத்தில் இரண்டு கார்கள் அருகருகே நின்றன. ‘தண்டர் லைன்’ என்பது சாதுவான குடும்பக் காருக்குச் சிவப்புக் கோடும் இரட்டை சைலன்சரும் வைத்து, தசராவுக்குப் புலிவேஷம் கட்டியது போன்றது. வெறும் ‘தண்டர்’ அசல் புலி. அதன் இன்ஜினும் பிரேக்கும் பந்தயத்துக்கென்றே பிறந்தவை.

மனைவி தன்மயி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வேஷமே போறும்னா. போன வருஷம் சாமுண்டி மலை வளைவுல தடுப்புச் சுவரைக் கட்டிப் பிடிச்சுண்டு வந்தேளே, மறந்து போச்சா? அந்தப் புலி வேண்டாம். என் மேல சத்தியம் பண்ணுங்கோ."

சத்தியம் செய்தார். அவள் பெயரில், அவள் கைபேசி எண்ணைக் கொடுத்து, தண்டர் லைனைப் பதிவு செய்துவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் யதுநந்தன் தனியே போய், ஷோரூம் விற்பனையாளரான கொள்ளேகால் பக்கத்து மல்லப்பனை ஓரமாக அழைத்தார்.

"மல்லப்பா, ஆர்டரை மாத்திடு. தண்டரையே கொடு. ஆனா பின்னாடி ‘லைன்’னு எழுத்தை ஒட்டிடு. ஆத்துல தெரியக் கூடாது."

"எல்லாரும் லைனை வாங்கிப்போட்டு, அந்த எழுத்தைப் பிச்சுக் குடுங்கன்னுதானுங்க சார் கேப்பாங்க. ஒட்டச் சொல்ற மொத ஆளு நீங்கதானுங்க!"

"பண்ணுவியா, மாட்டியா?"

"பண்ணிப்புடலாங்க சார்."

விலை வித்தியாசத்துக்கு ஒரு காசோலையை எழுதி நீட்டிவிட்டு, யதுநந்தன் திருடனைப் போல வெளியேறினார். வண்டியும் வந்தது.

தொழிற்சாலையில் அவர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. மயிரிழை வேறுபாட்டையும் கண்டுபிடித்துவிடும் கண் என்று அவருக்குப் பெயர். அந்தக் கண்ணும் காதும் உடம்பும் தண்டரை அணு அணுவாக அனுபவித்தன. சிக்னல் பச்சையானதும் முதுகு இருக்கையில் அறைபட்டது. மிதித்தால் வண்டி துள்ளிற்று, விட்டால் உறுமிற்று.

பக்கத்தில் ஒரு தண்டர் லைன் வந்து நின்றால், ‘பாவம், வேஷம்’ என்று மனத்துக்குள் இரங்கினார். ஸ்கூட்டரில் வந்த கல்லூரிப் பெண்கள் முந்திச் சென்றபோதெல்லாம் பெருந்தன்மையுடன் புன்னகைத்தார். விலங்குகள் பேசிய காலமாக இருந்தால் அந்தக் காரே வாய் திறந்து ஏதேனும் சொல்லியிருக்கும். கலியுகமாகையால் அது பேசாமல் ஓடிற்று.

சத்தியம் மட்டும் அவ்வப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தும். அடுத்த சிக்னலில் அது மறந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை தன்மயி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முந்தின வாரம்தான் அவளுக்கு ஓட்டுநர் உரிமம் வந்திருந்தது.

"இன்னிக்குக் கம்பெனி பஸ் வேண்டாம்னா. ஹெப்பாள் ஆபீசுக்கு நானே ஓட்டிண்டு போறேன்."

யதுநந்தன் காபியைக் கீழே வைத்தார். "ரிங் ரோடுலயா? நீ தனியாவா?"

"ஏன், சாது வண்டிதானே? நீங்கோதானே ஊரெல்லாம் சொல்றேள்."

சொல்லிக்கொண்டே ஏறி அமர்ந்து இன்ஜினை முடுக்கினாள். நேற்றுவரை பஸ்ஸில் போன பெண், அசல் புலியின் முதுகில் அமர்ந்திருக்கிறாள் என்ற எண்ணம் யதுநந்தனை உலுக்கியது. செருப்பும் போடாமல் ஓடிப்போய் வண்டியின் முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றார்.

"இறங்கு தன்மயி! அது சாது இல்லை! அசல் தண்டர்! எழுத்து மட்டுந்தான் லைன். கால் பட்டா உன்னைத் தூக்கிண்டு போய்டும்!"

"ஹௌதா? அப்படியா?" என்றாள் தன்மயி. அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. அதுவே அவரை இன்னும் கலக்கிற்று.

"உன் மேல பண்ணின சத்தியத்தை மீறிட்டேன். இருபத்தாறு வருஷத்துல உங்கிட்ட சொன்ன முதல் பொய் இது. இன்னிக்கே போய் வண்டியை மாத்திடறேன். நீ சொல்ற வரைக்கும் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன், பஸ்லயே போறேன். உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்? மன்னிச்சுடு."

தன்மயி இன்ஜினை அணைத்தாள். இறங்கி உள்ளே போனாள். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு உறையை அவர் கையில் வைத்தாள். உள்ளே அவர் மல்லப்பனுக்கு எழுதிக் கொடுத்த காசோலை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நீங்கோதான் என்னை மன்னிக்கணும்னா. ஆர்டரை மாத்தினப்போ மெசேஜ் எனக்குத்தான் வந்தது. அன்னிக்கே ஷோரூமுக்குப் போய் மல்லப்பனைப் பார்த்தேன். நீங்கோ தினம் இவ்வளவு சந்தோஷமா ஓட்டறதைப் பார்த்துட்டு, உண்மையைச் சொல்ல மனசே வரலை."

யதுநந்தன் காசோலையையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு மாசமா நீங்கோ ஓட்டறது லைன்தான்."