மாங்கனியன்று மீல் மேக்கர்

"அந்தச் சனியனை முதல்ல கீழ வையி!"

தேவிகாவின் கையிலிருந்த மீல் மேக்கர் பாக்கெட் அந்தரத்தில் நின்றது.

"ராத்திரி சப்பாத்திக்குக் குருமா வைக்கலாம்னு, அத்தை…"

"சோயாங்கிற பேரே இந்த வீட்டுல கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? ஆம்பளை அதைத் தின்னா அவ்வளவுதானாம். பத்திரிகையிலேயே போட்டிருக்கான்!"

மாமியார் ராஜம் சாதாரணமாகக் குரல் உயர்த்துகிறவள் இல்லை. சோயா விஷயத்தில் மட்டும் எதிர்வீட்டுக் காசியம்மாவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டேன் அத்தை. அளவா சாப்பிட்டா யாருக்கும் ஒண்ணும் பண்ணாதாம். தைராய்டு மாத்திரை போடுறவங்க மட்டும் கொஞ்சம் நேரம் விட்டுச் சாப்பிடணுமாம். எனக்குத் தெம்பு பத்தலைன்னு அவங்கதான் சேர்த்துக்கச் சொன்னாங்க…"

"பெரிய டாக்டரம்மா!"

ராஜம் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

கூடத்தில் அவள் புருஷன் சிவநாதன் பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை. அவனைப் பார்க்கவே தேவிகாவுக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளைக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா, கொஞ்சம் நாளாகும்' என்று அம்மாவிடம் சொல்லி முடித்துவிட்டான். குறை தேவிகாவிடம்தான் என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். இப்போது பழி அவன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

வெளியே மேளச் சத்தம் நெருங்கியது. மாங்கனித் திருவிழா.

பிச்சாண்டவர் சப்பரம் வீதிக்குள் திரும்பியதும் மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்தன. பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை தங்கும் என்று முந்தானை விரித்து நின்ற பெண்களுக்கு நடுவே தேவிகாவும் நின்றாள். கல்யாணத்துக்கு அப்புறம் இது ஐந்தாவது மாங்கனி. பக்கத்திலேயே ராஜமும் முந்தானையை விரித்துக்கொண்டு, மூட்டு வலியோடு எக்கி எக்கிப் பார்த்தாள்.

ஒரு பழம் தேவிகாவின் தோளில் பட்டு உருண்டது. குனிவதற்குள், இடுப்பில் குழந்தை வைத்திருந்த ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அந்தக் குழந்தை தேவிகாவைப் பார்த்துச் சிரித்தது.

வெறும் முந்தானையைச் செருகிக்கொண்டு வீடு திரும்பினாள்.

மத்தியானப் பந்தியில் கோட்டுச்சேரியிலிருந்து வந்த சொந்தமெல்லாம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தது. ராஜத்தின் அக்கா மங்கையர்க்கரசி, வடையைப் பிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்ன தேவிகா, மடியில ஏதாச்சும் விழுந்துச்சா?"

"இல்லீங்க, பெரியத்தை."

"விழுந்தா மட்டும்? டாக்டர்கிட்டல்லாம் போனீங்களே, என்ன சொன்னாங்க? யாருகிட்ட கோளாறாம்?"

இலைகளின் மேல் அத்தனை கைகளும் நின்றன.

"யாருகிட்ட கோளாறா?" சாம்பார் வாளியோடு நடுவில் வந்து நின்றாள் ராஜம். "எல்லாம் நான் பெத்த சீமான்கிட்டதான்! புதுச்சேரி ஹாஸ்டல்ல இருந்தப்ப மூணு வேளையும் மீல் மேக்கர். அந்தச் சோயா ஆம்பளைக்கு ஆகவே ஆகாதாம் அக்கா. பாவம், இந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

சிவநாதன் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தான். பிறகு இலையைப் பார்த்தபடி, "ஆமா பெரியம்மா. எங்க மெஸ்ஸுல பிரியாணின்னாலே அதுதான். தட்டு தட்டாத் தின்னுருக்கேன்" என்றான்.

அவ்வளவுதான். பந்தியே சோயாவின்மேல் பாய்ந்தது.

"ஐயையோ, எங்க வீட்டுல வாரத்துக்கு மூணு நாள் அதானேடி!"

"சோயா பால் குடிச்சா?"

"அதுவும் அதே குடும்பம்தானே!"

"அப்போ உன் மாப்பிள்ளைக்கு முதல்ல போன் போட்டுச் சொல்லு!"

சிரிப்பும் பயமுமாகப் பேச்சு ரசம் தாண்டி, மோர் வரைக்கும் ஓடியது. தேவிகாவிடம் அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் பஸ் ஏறிய பிறகு, ராஜம் சப்பாத்திக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள்.

"அரிசி டின்னுக்குப் பின்னால அந்தப் பாக்கெட் இருக்கு. எடுத்துக் குருமா வையி."

தேவிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். ஆகாதுன்னீங்களே அத்தை?"

"யாருக்கு ஆகாது? உன் டாக்டரம்மாகிட்ட முன்னாடியே நானும் போய்க் கேட்டுட்டுத்தான் வந்தேன். உனக்குச் சொன்னதையேதான் எனக்கும் சொன்னாங்க."

"அப்புறம் ஏன்…"

ராஜம் மாவில் தண்ணீர் தெளித்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தீங்கல்ல? ஆட்டோவை விட்டு இறங்கினதும் உன் பையை அவன் வாங்கிக்கிட்டான். நீ வாசல்ல விட்ட செருப்பக்கூட அவன்தான் ஓரமா எடுத்து வெச்சான். குறை அவன்கிட்ட இருந்திருந்தா, நீல்ல அவனைத் தாங்கிக்கிட்டு வந்திருப்பே?"

தேவிகா அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பாக்கெட்டை எடுத்தாள்.

"யாரையாவது குத்தம் சொல்லாம இந்த ஊருக்குச் சோறு இறங்காது. சொல்லிட்டுப் போகட்டும்." ராஜம் நிமிராமல் மாவை உருட்டினாள். "அழுறதுக்கு, சோயாவுக்குக் கண்ணா இருக்கு?"