குள்ளநரியின் கழுத்துப்பட்டை

அந்தக் காட்டில் மிஞ்சிய ஒரே பெண் குள்ளநரியின் கழுத்தில் மாட்டிய, சிக்னல் அனுப்பும் பட்டையைக் கவனிப்பதுதான் மாரப்பனின் வேலை. அது ஈன்றுவிடாதா என்று வருடக்கணக்கில் ஏங்கியவன். இன்று காலை வளைக்குள் அது குட்டி போட்டதும் பட்டை செய்தி அனுப்பியது. உடனே காட்டுச் சாலையின் இரும்புக் கதவுகள் சட்டப்படி தாமாகவே மூடிக்கொண்டன. குட்டிகள் கண் திறக்கும் வரை அங்கே வண்டி ஓடக் கூடாது.

மூடிய கதவின் முன்னால் ஜீப்பில் அவன் மனைவி வசந்தாமணி பிரசவ வலியில் துடித்தாள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது.

"ஏனுங்க, ஆபீசுல என்ன சொல்றாங்க?"

"பட்டையில இருந்து சிக்னல் வந்துட்டு இருக்கற வரைக்கும் கதவு தொறக்காதாமா, மணி."

அவள் அவன் கையை இறுகப் பிடித்தாள். மெல்ல விடுவித்துக்கொண்டு, மண்வெட்டியோடு வளையை நோக்கி ஓடினான். தோண்டிப் பட்டையை அறுத்ததும், மிரண்ட நரி குட்டிகளை விட்டுவிட்டு முட்புதருக்குள் மறைந்தது.

கதவு திறந்தது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

"பாப்பா யாராட்டம் இருக்குதுன்னு பாருங்க," என்றாள் வசந்தாமணி.

"இதோ வந்தர்றேன்," என்று பால் புட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு அவன் காட்டுக்கு விரைந்தான். நரி திரும்பி வந்திருக்கவில்லை. மூன்று குட்டிகளும் ஒன்றின் வயிற்றில் ஒன்று முகம் புதைத்து, விறைத்துக் கிடந்தன.