மூன்று கிண்ணம் சாக்கே

ஜப்பானிய ரெஸ்ரோரன்ரின் குசினிச் சுவரில் முதலாளி நக்காமுரா ஒட்டிவிட்டுப் போன ஆங்கில அறிவித்தலைத் தியாகலிங்கம் அண்ணாந்து பார்த்தான். அதில் ‘சாக்கே’ என்ற ஒரு சொல்தான் அவனுக்குப் பிடிபட்டது. கழுவின கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினான்.

“என்னண்ணை எழுதியிருக்கு?”

அவனோடு கோப்பை கழுவும் சிவபாதம் ஒருகாலத்தில் கொழும்பில் கந்தோர் உத்தியோகத்தர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார்.

“போத்திலுகளிலை சாக்கே குறையுதாம். வெள்ளிக்கிழமை மூண்டு மணிக்கு எல்லாருக்கும் மூண்டு கிண்ணம் தருவினமாம். குடிச்சிட்டு ருசியைச் சொல்ல வேணுமாம். ஆருக்கு ருசி தெரியுதோ அவன்தான் கள்ளன். பிறகு பொலிஸ்தான்.”

அந்தக் கள்ளன் தியாகலிங்கம்தான். எண்பத்துநாலில் ரொறன்ரோவுக்கு வந்தவன், இந்த இரண்டு வருடத்தில் கண்ட ஒரே சுகம் அரிசியில் செய்யும் அந்த ஜப்பானிய மதுதான். ஒவ்வொரு போத்திலிலும் தினம் ஒரு மிடறு. குடித்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்தானா? அதுவும் இல்லை. கோப்பை கழுவும் நேரமெல்லாம் சிவபாதத்திடம் அதன் பெருமையை அளந்துகொண்டிருப்பான்.

“சூடாக்கினது தடிமனுக்குக் குடிக்கிற மல்லித்தண்ணி மாதிரி அண்ணை. உந்தக் கலங்கல், எங்கடை பழஞ்சோத்துத் தண்ணி. விலை கூடினது இருக்கே, அது விடியக்காலமை பனையிலை இறக்கின இனிப்புக் கருப்பணி.”

நெற்றியில் திருநீறு அழியாத சிவபாதம் ஒரு சொட்டும் தொடமாட்டார். ஆனால், பொறுமையாகக் கேட்பார்.

வேலை போனால் முதலாளியின் கடிதம் கிடைக்காது. கடிதம் இல்லாவிட்டால் பருத்தித்துறையில் காத்திருக்கும் சந்திரவதனாவை ஸ்பொன்சர் செய்ய முடியாது. கலியாணம் முடித்து ஒரே ஒரு மாதம்தான் அவளோடு இருந்தான்.

“நான் என்னண்ணை செய்ய?”

“ஒண்டும் தெரியாதவன் மாதிரி நில். எல்லாம் ஒரே கைப்பு எண்டு சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

வெள்ளிக்கிழமை மூன்று மணி. தியாகலிங்கத்தின் முறை வந்தது. மூன்றாவது கிண்ணம் நாக்கில் பட்டதும் கண் தானாகச் சொக்கப் பார்த்தது. மனைவியை நினைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

“ஓல் சேம். நோ குட்.”

முதலாளி பெருமூச்சு விட்டார்.

அடுத்தது சிவபாதம். கிண்ணங்களை மூக்கருகே கொண்டுபோனதோடு சரி. பிறகு, ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி ஆங்கிலத்தில் பொழிந்தார். மல்லி, சோறு, பனைமரம் எல்லாம் வரிசையாக வந்தன. தியாகலிங்கத்துக்கே அவ்வளவும் விளங்கியது. அத்தனையும் அவன் சொன்னவை அல்லவா?

‘எனக்காகக் கள்ளன் பட்டத்தை இந்த மனுசன் தன்ரை தலையிலை போடுறாரே’ என்று அவன் கையெடுத்துக் கும்பிடப் போனான். முதலாளி சிவபாதத்தின் கையை இறுகப் பிடித்து முன்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பொலிசுக்குப் போன் எடுக்கத்தான் என்று நினைத்தபோது அவனால் பொறுக்க முடியவில்லை. சந்திரவதனா இன்னும் கொஞ்சக் காலம் காத்திருக்கட்டும்.

மாலை வேலைக்கு வந்த காசாளர் தவமலர் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓடினான்.

“தங்கச்சி, முதலாளியிட்டை இங்கிலிஷிலை சொல்லும். சிவபாதமண்ணை பாவம். உந்த அறிவித்தலிலை தேடுற சாக்கேக் கள்ளன் நான்தான்.”

“என்ன களவு அண்ணை? உதிலை அப்பிடி ஒண்டும் இல்லையே” என்றவள், சுவரில் இருந்த அறிவித்தலை அவனுக்காக ஒருமுறை தமிழில் வாசித்தாள்.

“புதிதாகத் திறக்கும் சாக்கே பாருக்குப் பொறுப்பாளர் தேவை; ருசியை நன்றாக எடுத்துச் சொல்லும் ஊழியருக்கு இரட்டைச் சம்பளம்.”