ஊதாக் கடல்

"இது கடலா, கத்தரிக்காய்த் தோலா? நீங்களே சொல்லுங்க மதாம்!"

சி மெஹ்ரெஸ் சுவரொட்டியை மேசைமேல் விசிறியடித்தார். மஹ்தியா நகரக் கடல் விழாக் குழுவின் செயலாளர். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அச்சக உரிமையாளர் நஸீஹா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கோட்டை, படகு, காயப்போட்ட வலை, எல்லாம் சரி. கடல் மட்டும் ஊதா.

செயலாளருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். படம் வரைந்த சிரீன். அவள் நீட்டிய கைக்கணினித் திரையில் அதே கடல் கண்ணைப் பறிக்கும் நீலமாக இருந்தது.

"லஸ்ஸாத்!" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள் நஸீஹா. அதற்கே மூச்சு வாங்கியது. காலையிலிருந்து இது மூன்றாவது சண்டை. கால்கள் வீங்கியிருந்தன.

இயந்திரம் ஓட்டும் லஸ்ஸாத் மெதுவாக வந்தான். கையில் பாதி தின்ற சூரைமீன் ரொட்டி.

"இப்படித் தின்னுக்கிட்டே அச்சடிச்சா கடல் எப்படி வரும்?" என்றார் சி மெஹ்ரெஸ்.

நஸீஹா சுவரொட்டியை அவன் பக்கம் தள்ளினாள். "ஆர்ஜிபியிலயே ஓட்டிட்டியா?"

அவன் தலையாட்டினான்.

"எனக்குப் புரியற மாதிரி பேசுங்க" என்றார் செயலாளர்.

"திரை வெளிச்சத்தால காட்டுது, சி மெஹ்ரெஸ். அதுதான் ஆர்ஜிபி. நாங்க மையால அடிக்கிறோம்" என்றான் லஸ்ஸாத். "அவ்வளவு பளிச்சுன்னு ஒரு நீலம் மையில கிடையாது. அப்படியே ஓட்டினா ஊதாவாப் போயிடும். மை நிறத்துக்கு, அதாவது சிஎம்ஒய்கேவுக்கு மாத்தி, நீலத்தைக் கொஞ்சம் அடக்கித்தான் ஓட்டணும்."

"அதை யாரு மாத்தணும்? நீயா, வரைஞ்சவளா?"

நஸீஹா சிரீன் பக்கம் திரும்பினாள்.

"மகளே, மாதிரித் தாள் பார்த்தியா?" என்று கேட்டாள் நஸீஹா. "கையெழுத்துப் போட்டியா?"

மாதிரித் தாளில் கையெழுத்து வாங்காமல் அந்த அச்சகத்தில் இயந்திரம் ஓடக்கூடாது. நஸீஹா வைத்த சட்டம்.

சிரீன் வாயைத் திறந்தாள். சி மெஹ்ரெஸ் முந்திக்கொண்டார்.

"இவ தப்புன்னா இப்பவே சொல்லிடுங்க. தலைநகரம் தூனிஸ்லேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வரலாம்னு குழுவுல அத்தனை பேரும் கத்தினாங்க. நம்ம ஊர்ப் பொண்ணு, முதல் வேலைன்னு நான்தான் மல்லுக்கட்டினேன். இவ என் மூஞ்சியில கரியைப் பூசியிருந்தா, இந்த ஊர்ல இனி ஒருத்தன் இவகிட்ட படம் கேக்க மாட்டான். நானே பாத்துக்குவேன்."

சிரீன் வாயை மூடிக்கொண்டாள்.

"மாதிரியே காட்டல மதாம்" என்றான் லஸ்ஸாத். "அவசரம். நானே ஓட்டிட்டேன். பொண்ணு நல்லாத்தான் வரைஞ்சிருக்கு. தப்பு என்னோடது."

"பார்த்தீங்களா!" செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு சிரீனைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஏம்மா அழறே? அதான் அவனே ஒத்துக்கிட்டானே."

அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் புதுசா அடிச்சு அனுப்பிடறோம்" என்றாள் நஸீஹா. "எங்க பொறுப்பு."

இருவரும் போனார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"போன மாசம் கல்யாணப் பத்திரிகையில தேதி தப்பு" என்றாள் நஸீஹா. "போன வாரம் மருந்துக்கடை உறை, தலைகீழா. அன்னிக்கே உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"இன்னொரு தப்பு வந்தா வீட்டுக்குப் போயிடுன்னு."

"அப்புறம்?"

லஸ்ஸாத் ரொட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

"கடலைச் சரிபண்ணி வேற அச்சுத் தகடு போடறேன் மதாம். சாயங்காலத்துக்குள்ள ஓட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கத்தவும் தெம்பில்லை நஸீஹாவுக்கு. கத்தினால் அவனும் பதில் சொல்வான், மனைவி பிள்ளை என்பான், பிறகு மனம் இளகும். எழுதிக் கொடுத்துவிடுவது மேல். ஒரு தாளை எடுத்து இரண்டே வரி எழுதினாள். இந்த மாதத்தோடு நின்றுகொள். கணக்கை முடித்துத் தருகிறேன். கீழே கையெழுத்திட்டாள்.

எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

லஸ்ஸாத் இயந்திரத்துக்குள் குனிந்து உருளையில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. இவள் வந்தது இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை.

அவன் மேசையில் பாதி ரொட்டி கிடந்தது. அதிலிருந்து மிளகாய் எண்ணெய் அடியிலிருந்த தாளில் ஊறியிருந்தது. கண்ணில் படும்படி கடிதத்தை வைக்க, ரொட்டியை நகர்த்தினாள்.

அடியில் ஊதாக் கடல்.

கழிவுத் தாளில் வைத்துத் தின்பது எல்லா அச்சகத்திலும் உள்ளதுதான். ஆனால் இது கழிவுத் தாள் இல்லை, மாதிரித் தாள். ஓரத்தில் லஸ்ஸாத்தின் கோணல் எழுத்து: "கோப்பு திரை நிறத்தில் இருக்கிறது. கடல் ஊதாவாக வருகிறது. மாற்றட்டுமா?"

அதன் கீழே பச்சைப் பேனாவில், அழகாக:

"அது உங்கள் இயந்திரத்தின் கோளாறு. என் நிறத்தில் யாரும் கைவைக்க வேண்டாம். அப்படியே ஓட்டுங்கள். சிரீன்."

நஸீஹா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

ரொட்டியை எடுத்து, பச்சை எழுத்து மறையும்படி அதே இடத்தில் வைத்தாள். விரலெல்லாம் எண்ணெய். கையிலிருந்த கடிதத்தில் துடைத்துக்கொண்டு, அதைக் கசக்கிக் கூடையில் போட்டாள்.