கப்பிக்கு வந்த பாரம்

துறைமுகத்துப் பழைய தெருவில் ஒரு மிளகாய்க் கிடங்கின் மாடியை விசாலமான வீடாக மாற்றி விற்றார்கள். வாங்கிய பூர்ணிமா, ஜன்னலுக்கு வெளியே மூட்டை தூக்க மாட்டியிருந்த இரும்புக் கப்பியை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். "இதுக்காகவே இந்த வீட்டை வாங்கினோம்!"

கப்பி பூரித்துப்போனது. "கேட்டியா? இனிமே எனக்கு வேலை வரும்," என்றது ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்த அணிலிடம்.

கட்டில் வந்தது. பீரோ வந்தது. எல்லாம் லிஃப்டில் ஏறிப்போயின.

"அதெல்லாம் சின்னச் சாமான். எனக்குன்னு பெரிசா ஒண்ணு வரும்," என்றது கப்பி.

ஒரு வெள்ளிக்கிழமை கப்பியில் கயிறு கோத்தார்கள். கப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டது. கயிற்றின் நுனியில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள்.

"அதான் பாரம் வந்துருச்சே!" என்றது அணில்.

"வந்துருச்சு," என்றது கப்பி. "எப்போ மேலே இழுப்பாங்க?"