ஜன்னலில் நின்ற ஆள்

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, இன்னும் கட்டாத வீட்டின் ஜன்னலில் அவள் நின்றதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகக் கணக்கு வாத்தியார் தெருவெல்லாம் அளந்தார். ரிட்டையரான பிறகு ஒன்றை நூறாக்குவதே அவருக்கு வேலை என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடந்தது கட்டட வடிவமைப்பாளரான மகளின் கம்ப்யூட்டரில். மனையின் அளவைக் கொடுத்தால் மென்பொருளே வீட்டை வரைந்து, பார்வைக்கு ஆட்களையும் நிறுத்தும். சமையலறை ஜன்னலில் அது ஒரு பெண்ணை நிறுத்தியது. ஒட்ட வெட்டிய முடி, வாயெல்லாம் சிரிப்பு. மகள் அழிக்க அழிக்க அந்த உருவம் திரும்ப வந்து நின்றது.

"உங்கம்மாடி," என்றார் பக்கத்தில் நின்ற வாத்தியார்.

"அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி இருக்குப்பா. சும்மா கதை கட்டாதீங்க."

"வர்றவளை ஏன்டி விரட்டுற? இருந்துட்டுப் போறா."

அடுத்த வாரம் சிகிச்சைக்காக மனைவியின் முடியை மழித்தார்கள். பிறகு டாக்டர்கள் கையை விரித்தார்கள். வாத்தியார் தினமும் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். வீடு எழுந்தது. கையை விரித்தவர்களே அவளை நடக்கவைத்து அனுப்பினார்கள்.

குடிவந்த காலையில் மகள் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் அம்மா, ஒட்ட முளைத்த முடியோடு வாயெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெஜந்தாம்ப்பா. இவங்களைத்தான் அழிச்சு அழிச்சுப் பார்த்தேன். நல்லவேளை, போகவே இல்ல."